பைலா எங்களிட்ட, பாஷை எங்க?

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போகும் ஏ15 வீதியில பஸ் ஏறினா, கிண்ணியா தாண்ட முன்னமே ட்ரைவர் ஒரு பைலாவைப் போட்டிருவார். கல்யாண வீடு, பள்ளிக்கூடச் சுற்றுலா, கிரிக்கெட் மட்ச் எண்டு எங்க போனாலும் அந்தத் தாளம் இருக்கு. இந்த நாட்டில எல்லாச் சனமும் சேர்ந்து ஆடுற ஒரே இசை பைலாதான் எண்டு பெருமையாச் சொல்லுறதும் வழமை. ஆனா அந்த இசையை இந்தக் கரையில தலைமுறை தலைமுறையா வைச்சிருந்த சனம் யார், அவங்க என்ன பாஷை பேசினாங்க எண்டு கேட்டா பஸ்ஸில பாதிப் பேருக்கு மேல பதில் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தச் சனத்தைப் பற்றியது. திருகோணமலையில் பாலையூற்றிலும், மட்டக்களப்பு நகரத்தைச் சுற்றியும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர். அவங்களைப் புரிஞ்சுகொள்ள உதவும் எண்டு இன்னொரு கரையையும் பக்கத்தில வைச்சுப் பார்க்கப் போறேன். அது அமெரிக்காவின் தெற்கே, மெக்சிக்கோ வளைகுடா ஓரம், லூசியானா. அங்க இருக்கிற கேஜன் மக்களின் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் ஆகவே உலகம் முழுக்க இருந்து ஆக்கள் கார் எடுத்துக்கொண்டு கரையோர றோட்டுகளில ஊர் ஊராச் சுத்துறாங்க. எங்கட கரையில அப்பிடி யாரும் பறங்கியரைத் தேடி வாறதில்ல. இந்த வித்தியாசம் ஏன் வந்தது, வந்திருந்தாலும் போதுமா என்பதுதான் கேள்வி.

ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் மிஞ்சிப் போனவர்களும்

முதலில கேஜன் கதை. இப்போது கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாப் பகுதிக்கு 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து விவசாயிகள் போய்க் குடியேறினார்கள். அந்த நாட்டுக்கு அக்காடியா என்று பெயர். 1713இல் அது பிரிட்டிஷாரின் கைக்குப் போனது. நிபந்தனை இல்லாமல் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசச் சத்தியம் செய்ய அக்காடியர்கள் மறுத்தார்கள். 1755இல் பிரிட்டிஷார் அவர்களை வீடுகளிலிருந்து பிடித்துக் கப்பல்களில் ஏற்றத் தொடங்கினார்கள். அடுத்த சில வருடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், இங்கிலாந்துக்கும், பிரான்சுக்கும் சிதறடிக்கப்பட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன. வழியிலேயே நோயால் செத்தவர்கள் ஏராளம். 1764 அளவில் ஒரு பகுதியினர் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சில் காத்துக் கிடந்த சுமார் 1,600 பேர் ஏழு கப்பல்களில் அங்கே போனார்கள். 'அக்காடியன்' என்ற சொல் வாயில் தேய்ந்துதான் 'கேஜன்' ஆனது.

இதில எங்களுக்கு ஒரு சின்னத் தொடுப்பும் இருக்கு. அந்த அக்காடியர்கள் பிரான்சில் காத்திருந்த காலத்தில்தான், 1782இல், சஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி திருகோணமலையைப் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்தார். அந்த வருட ஜனவரியில்தான் பிரிட்டிஷார் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்திருந்தார்கள். 1783 சமாதானத்துக்குப் பிறகு துறைமுகம் மறுபடி ஒல்லாந்தருக்கே போனது. எங்கட துறைமுகமும் அவங்கட தலைவிதியும் ஒரே வல்லரசுகளின் சண்டைக்குள்ள கிடந்து உருண்டிருக்கு.

பறங்கியர் கதை இதற்கு நேர்மாறானது. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார்கள். கிழக்குக் கரைக்கு அவர்களது படை வந்து நிலைகொண்டது பின்னாளில்தான். 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் சேர்த்துத் திருகோணமலைக் கோட்டையைக் கட்டினார்கள். 1628இல் மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டை. ஆனால் பத்து வருடம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 1638இல் மட்டக்களப்பையும் 1639இல் திருகோணமலையையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் விழ, இலங்கையில் போர்த்துக்கேய ஆட்சி முடிந்தது.

அதிகாரிகளும் பாதிரிமாரும் கப்பல் ஏறினார்கள். எல்லாரும் ஏறவில்லை. இங்கத்தைய பெண்களைக் கட்டிக் குடும்பமானவர்கள், அவர்களது பிள்ளைகள், போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கர்கள், கோவா பக்கத்து ஆட்கள் என்று ஒரு கலவைச் சனம் கரையிலேயே மிஞ்சியது. அக்காடியர் கப்பலில் ஏற்றப்பட்டதால் அகதியானவர்கள். இவர்கள் கப்பல் போன பிறகு மிஞ்சியதால் தனித்துப் போனவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடை செய்யப்பட்டது. ஆனாலும் இவர்களின் கலப்புப் போர்த்துக்கேய மொழியை ஒல்லாந்தராலும் விட முடியவில்லை. கரையோர நகரங்களில் வெவ்வேறு ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதுதான் பொதுமொழியாக இருந்தது. பிரிட்டிஷ் காலத்திலும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெஸ்லியன் மிஷனரிமார் வேதாகமத்தை அந்த மொழியில் மொழிபெயர்த்து அச்சடிக்கும் அளவுக்கு அது உயிரோடு இருந்தது.

பிரிட்டிஷ் காலத்தில் கொழும்பிலிருந்த ஒல்லாந்தப் பறங்கியர் வழக்கறிஞர், டொக்டர், கிளாக்கர் என்று மேலே போனார்கள். கிழக்கின் போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்து தைப்பவர், மெக்கானிக் என்று கைத்தொழிலில் நின்றார்கள். மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பிளவைத்தான் பேசுகிறது. பெயரில் ஐரோப்பா, கையில் உளி. சின்ன வயசில ஊரில 'பறங்கி' எண்ட சொல்லை நான் கேட்டது பெரும்பாலும் பகிடியாகவோ ஏச்சாகவோதான்.

றோட்டும் பாதையும்

நான் சாம்பல்தீவு. டவுனிலிருந்து நிலாவெளி றோட்டால வடக்கே, உப்புவெளி தாண்டி வாற ஊர். வந்தாறுமூலையில படிக்கிறதால மாதம் ஒருக்காவாவது இந்தக் கரையை முழுசா அளக்கிறேன். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, காயங்கேணி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு அல்லது வயல்.

எங்கட பக்கத்தில 'பாதை' எண்டா ஆக்களையும் வாகனத்தையும் தண்ணி கடத்துற மிதவை. றோட்டுக்கு நாங்க றோட்டு எண்டுதான் சொல்லுவம். அம்மம்மாவின் காலத்தில மட்டக்களப்புக்குக் கரையால போறதெண்டா றோட்டை விடப் பாதைதான் முக்கியம். ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கி, காத்திருந்து, கடந்து, மறுபடி ஏற வேணும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பிறகு உப்பாறு, இறால்குழி, வெருகல், காயங்கேணி என்று மற்றப் பாலங்களும் வந்தன. ஆனா பாதை முழுசாப் போயிடல. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் வாகரையிலிருந்தும் சனம் சட்டிபானையோடு இடம்பெயர்ந்ததும் இதே றோட்டாலதான். ஜாலிக்காக மட்டும் இந்தக் கரையைச் சுத்திப் பார்க்க எங்களால ஏலாது.

இந்தப் பயணத்தின்ட இரண்டு முனையிலும் பறங்கியர் இருக்கிறாங்க. வடக்கு முனையில் பாலையூற்று, தெற்கு முனையில் மட்டக்களப்பு. ஒரே பாஷை, ஒரே கல்யாண ஆட்டம், ஒரே வகைக் குடும்பப் பெயர்கள். கடலாலும் கரையாலும் இணைந்த ஒரே சமூகம்.

கூழும் கம்போவும்

லூசியானாவின் பெயர்பெற்ற சாப்பாடு கம்போ. இறால், நண்டு, சில நேரம் கோழி, எல்லாம் போட்டு, தடிப்பாக்கி, சோற்றோடு சாப்பிடுவது. தடிப்பாக்க மூன்று வழி உண்டு: எண்ணெயில் வறுத்த மா, அல்லது அந்த மண்ணின் சொக்டோ பழங்குடிகள் காட்டிக்கொடுத்த ஒரு மரத்தின் இலைப்பொடி, அல்லது வெண்டிக்காய். 'கம்போ' என்ற சொல்லே ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கேஜன் சாப்பாடு எண்டு பெயர் வாங்கிய ஒன்றுக்குள்ள பிரெஞ்சு அகதியும், அடிமையாக்கப்பட்ட ஆபிரிக்கரும், பழங்குடியும் சேர்ந்து இருக்கிறாங்க. எங்களுக்கு இது புதினமில்ல. ஒடியல் மாக் கூழ் குடிச்ச ஆளுக்குக் கம்போவை விளங்கப்படுத்தத் தேவையே இல்ல.

எங்கட பக்கம் கலப்பு இன்னும் ஆழம். காரத்துக்கு நாங்க போடுற கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர்தான் அதை இந்தக் கடலுக்குக் கொண்டுவந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த காய் எண்டு அந்தப் பெயரே சொல்லுது. கேஜன் சமையலின் காரமும் அதே செடிக் குடும்பம்தான். சமையல் செய்யிற குசினி, இருந்து சாப்பிடுற கதிரை, மேசை, வாங்கு, பாண், சாமானை வைச்சுப் பூட்டுற அலுமாரி, அதின்ட சாவி, விறாந்தையில கழட்டி விடுற சப்பாத்து: இத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். நத்தாருக்குப் பறங்கியர் வீட்டில் ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் லவ் கேக் இப்போது எல்லாச் சனத்தின் வீட்டுக்கும் வந்துவிட்டது. சொல்லும் சாப்பாடும் வந்த அளவுக்கு, அதைக் கொண்டுவந்த ஆக்களின் கதை எங்கட வீட்டுக்குள்ள வரல.

கபிரிஞ்ஞாவிலிருந்து பைலா வரை

பறங்கியர் கல்யாணத்தில் ஆடும் ஆட்டத்துக்குக் கபிரிஞ்ஞா என்று பெயர். வயலின், கிற்றார், றபான் எல்லாம் சேர, துள்ளித் துள்ளிப் போகும் ஆறெட்டுத் தாளம். 'காபிரி' என்ற சொல்லோடு போர்த்துக்கேய மொழியின் செல்லப் பின்னொட்டு சேர்ந்த பெயர் அது. ஆபிரிக்கப் பங்கைப் பெயரே ஒத்துக்கொள்கிறது. புத்தளம் சிறாம்பையடியில் இன்றும் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் பாடும் மஞ்ஞாவும் இதற்குச் சொந்தக்காரன்தான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வேலை பார்த்த ஹியூ நெவில் என்ற அதிகாரி இந்தக் கலப்பு மொழிப் பாட்டுகளைச் சேகரித்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் மட்டக்களப்பைப் பற்றிய பாட்டுகளும் உண்டு.

1940களில் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் அந்த மெட்டுகளுக்குச் சிங்களச் சொல் போட்டுப் பாட, நவீன பைலா பிறந்தது. தமிழில் அந்தத் தாளத்தை 1960, 70களின் ஈழத்துப் பொப்பிசை பிடித்துக்கொண்டது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் அந்தக் காலத்தவை. 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழ்நாட்டையே ஆட்டியது.

லூசியானாவிலும் இதே மாதிரி ஒரு வரலாறு. கேஜன் இசைக்கு வயலினும் அக்கோர்டியனும் அடிப்படை. முதல் கேஜன் இசைத்தட்டு 1928இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா புரோவும் பதிவு செய்தது. அடுத்த வருடமே அமேடே ஆர்டுவான் என்ற கறுப்பின அக்கோர்டியன் கலைஞர், டெனிஸ் மக்கீ என்ற வெள்ளையின வயலின் கலைஞரோடு சேர்ந்து பதிவு செய்தார். இன்றைய கேஜன் இசையில் பாதி ஆர்டுவானின் விரலில் இருந்து வந்தது எண்டாலும் மிகையில்ல. வெள்ளையர் வீட்டு ஆட்டத்துக்கு வாசிக்கப் போன இடத்தில், ஒரு வெள்ளைப் பெண் வேர்வை துடைக்கக் கொடுத்த லேஞ்சியை வாங்கியதற்காக அவர் அடித்து நொறுக்கப்பட்டார் என்பது அந்தப் பகுதி முழுக்கச் சொல்லப்படும் கதை. 1942இல் அவர் ஒரு மனநோய் வைத்தியசாலையில் இறந்தார். கறுப்பினத்தவரின் கிளை பிறகு சைடெகோ என்று தனிப் பெயரோடு வளர்ந்தது.

இசை கலக்கும்போது மனிதர் சமமாகக் கலந்துவிட்டார்கள் எண்டு நாங்க நினைச்சுக்கொள்ளுறம். ஆர்டுவானின் முடிவு அப்பிடி இல்ல எண்டு சொல்லுது. மெட்டை எடுத்துக்கொண்டு ஆளை வாசலில விடுறது சுகமான வேலை.

இரண்டு சட்டம், இரண்டு பாஷை

இனித்தான் முக்கியமான இடம். 1921இல் லூசியானா மாநில அரசியலமைப்பு, பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் கற்பித்தல் மொழி என்று ஆக்கியது. விளையாட்டு நேரத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. இனிப் பிரெஞ்சு பேசமாட்டேன் என்று நூறு தடவை எழுத வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தங்கட பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கொடுக்கவில்லை. 1964இல் டூயி பால்ஃபா முதலிய கலைஞர்கள் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்து, வெளி ஊரார் எழுந்து நின்று கைதட்டியபோதுதான் சொந்த ஊராரே திரும்பிப் பார்த்தார்கள். 1968இல் பிரெஞ்சைக் காக்க அரச அமைப்பு ஒன்று உருவானது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. இன்றைக்கு அங்க பெருமை இருக்கு, திருவிழா இருக்கு, சாப்பாட்டுக் கடை இருக்கு. ஆனா பாட்டைப் பாடுற எத்தனையோ பேருக்குப் பாட்டின்ட பாஷை வீட்டுப் பாஷை இல்ல.

எங்கட சட்டம் 1956. தனிச் சிங்களச் சட்டம் தமிழருக்கு என்ன செய்தது எண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்ல. பறங்கியருக்கு என்ன செய்தது எண்டு நாங்க கேட்டதில்ல. வசதியும் வெள்ளைத் தோலும் இருந்த ஒல்லாந்தப் பறங்கியர் பெருமளவில் அவுஸ்திரேலியா போனார்கள். அந்தக் காலத்து அவுஸ்திரேலியா ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டியவருக்குத்தான் கதவு திறந்தது. கிழக்கின் கைத்தொழில் குடும்பங்கள் அந்தக் கதவால் எளிதில் போக முடியாதவர்கள். ஆங்கிலவழிக் கல்வி நின்றபோது அவர்களது பிள்ளைகள் படித்தது தமிழில். அதாவது, நாட்டில் எங்கட பாஷை நசுக்கப்பட்ட அதே காலத்தில், இந்தக் கரையில் இன்னொரு சின்னப் பாஷையை விழுங்கினது எங்கட பாஷை. யாரும் சட்டம் போடல, யாரும் அடிச்சிருக்கத் தேவையும் இல்ல. வகுப்பு, சந்தை, விளையாட்டு, காதல் எல்லாம் தமிழில நடந்தா வேற என்ன நடக்கும்?

இதைவிட ஆச்சரியம் அந்தப் பாஷைக்குள்ளேயே இருக்கு. மொழியியலாளர் இயன் ஸ்மித் 1970களில் மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சை ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வசனத்தின் கட்டு தமிழ். வினை கடைசியில் வருகிறது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பாரா' என்ற சொல், இங்கே 'பா' என்று தேய்ந்து, எங்கள் 'க்கு' மாதிரிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. லிஸ்பனிலிருந்து வாற ஆளுக்குச் சொல் விளங்கும், வசனம் தடக்கும். எங்களுக்குச் சொல் விளங்காது, ஆனா வசனம் போற போக்கு பழகினதா இருக்கும். நானூறு வருடம் தமிழ் அயலோடு இருந்ததன் சாட்சி அந்த இலக்கணம். அந்தப் பாஷை போனா போர்த்துக்கேயர் விட்டுப்போனது மட்டும் போகல. எங்கட அயலவர் எங்களோட வாழ்ந்ததுக்கான பதிவும் போகுது.

கோணேசர் கோயில் எண்ட கேள்வி

இதை வாசிக்கிற சிலர் கேட்பீங்க: கோயிலை இடிச்சவங்கட பரம்பரைக்காக நாங்க ஏன் கவலைப்பட வேணும்? நியாயமான கேள்வி, திருகோணமலையில பிறந்த யாருக்கும் வரும். ஆனா இடிக்கச் சொன்னது கொன்ஸ்டன்டீனோ த சா என்ற கப்டன் ஜெனரல். இன்றைய பறங்கியரின் உடம்பில் ஓடுவதில் தமிழ்த் தாய்மாரின் இரத்தமும், விரும்பி வராத ஆபிரிக்கரின் இரத்தமும் உண்டு. அதிகாரம் போன பிறகு முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் கதவும் கட்டிலும் செய்து கொடுத்து வாழ்ந்த சனம் அது. 2004 டிசம்பர் 26 அன்று மட்டக்களப்பு டச்பாரில் கடல் வந்தபோது, அங்கே செறிவாக இருந்த பறங்கியர் குடும்பங்களையும் அது எடுத்தது. மிஞ்சியவர்கள் கரையை விட்டு உள்ளே போனார்கள். ஒன்றாக இருந்து பாஷை பேசிய ஒரு குடியிருப்பு அதோடு சிதறியது. லூசியானாக் கரையிலும் 1932க்கும் 2016க்கும் இடையில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் நிலம் தண்ணீருக்குள் போய்விட்டது. பாஷைக்கு நிலம் வேணும். வீடுகள் பக்கம் பக்கமா இருக்க வேணும்.

செய்யக்கூடியது ஒண்டுமில்ல எண்டும் இல்ல. 2015க்குப் பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும், இசையும் மொழியும் ஆராயும் மகேஷ் ராதாகிருஷ்ணனும், இன்னும் சிலரும் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் அந்தப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். அழியும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் அவை இணையத்தில் இருக்கின்றன. லிஸ்பனிலிருந்து வந்து பதிவு செய்தவர்களுக்குத் தெரிந்தது, ஏ15இல பத்து வருடமாப் போய்வாற எங்களுக்குத் தெரியல எண்டா, தூரம் கிலோமீற்றரில இல்ல.

கிழக்கில தமிழும் வரலாறும் மொழியியலும் படிக்கிற மாணவர் எத்தனை பேர் இருக்கிறம். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலையிற மூன்றாம், நான்காம் வருடப் பிள்ளைகள் இருக்கிறீங்க. எங்கட இலக்கணம் இன்னொரு பாஷைக்குள்ள என்ன செய்தது எண்டு பார்க்க, தமிழ் காதுள்ள ஆளை விடப் பொருத்தமான ஆள் யார்? அந்தப் பாஷை தெரிஞ்ச அன்ரிமாரும் அங்கிள்மாரும் வயதானவங்க. லூசியானாவில ஊரார் திரும்பிப் பார்த்த வருடம் 1964. பாலையூற்றுக்கு டவுனிலிருந்து ஓட்டோவில பத்து நிமிசம்தான்.